தடித்த எழுத்தில் ஒரு எண்

மூன்று வார லீவில் ஊருக்குப் போய்வந்தேன். விமானம், டாக்ஸி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, விடுங்கள். எனக்கு இன்னும் ஆறாதது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டர்தான்.

மாமாவுக்குக் கண் மஞ்சளித்திருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே யாரோ சொன்னார்கள் என்று 'முழு உடல் பேக்கேஜ்' எடுத்தாயிற்று. புற்றுநோய்க் குறியீடுகளும் அதில் சேர்த்தி. காலையில் ரத்தம், சாயங்காலம் கைபேசியில் ரிப்போர்ட். நான் இருக்கும் நாட்டில் ரத்தம் எடுக்க நாள் கிடைப்பதற்கே ஒரு வாரம் போய்விடும். பெருமையாகத்தான் இருந்தது, மூன்றாம் பக்கம் வரும்வரை.

சிஏ 19-9: 186. பக்கத்தில் '37க்குள்'. தடித்த எழுத்து, மேல்நோக்கி ஓர் அம்பு.

கவுண்டருக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்த தம்பி தலை நிமிராமல், "அது கணைய கேன்சர் மார்க்கர் சார், ஹையா இருக்கு. டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். மாமா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை அழுதாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம். நான் இருக்கும் நாட்டில் ஒரு வாரம் காக்க வைப்பார்கள், சரி. ஆனால் இப்படி ஒரு எண்ணைக் கையில் திணித்து அனுப்ப மாட்டார்கள்.

மறுநாள் பார்த்த வயதான டாக்டர் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தார். பழைய குடும்ப டாக்டர்கள் செய்வார்களே, அதேபோல இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சிறுநீர் என்ன நிறம், மலம் வெளுத்துப் போகிறதா, உடம்பு அரிக்கிறதா, எடை குறைந்ததா, புதிதாகச் சர்க்கரை வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம்தான் அந்த எண்ணுக்கு வந்தார்.

"பித்தக் குழாய் அடைச்சாலே இது ஏறும். கல் அடைச்சாலும் ஏறும், கட்டி அழுத்தினாலும் ஏறும். சில பேருக்குக் கணையத்துல கட்டியே இருந்தாலும் ஏறாது, அவங்க உடம்பு இதை உற்பத்தியே பண்ணாது. இதை வச்சு ஒண்ணும் முடிவு கட்டக் கூடாது." கல்லீரல் கேன்சர் மார்க்கரான ஏஎஃப்பி நார்மலாக இருந்ததைக் காட்டினேன். அதுவும் அப்படித்தானாம், நார்மல் என்பதால் கட்டியே இல்லை என்று ஆகிவிடாது.

அல்ட்ராசவுண்டில் பித்தக் குழாய் வீங்கியிருந்தது. கணையத்தை வாயு மறைத்துவிட்டது. அதனால் சிடி. சும்மா வயிற்று சிடி போதாது என்று சீட்டில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்: படம் தெளிவாகத் தெரிய ரத்தக் குழாயில் சாய மருந்து ஏற்றி, அது கணையத்தில் நன்றாகப் பரவும் நேரத்தில் ஒரு படம், கல்லீரலுக்குப் பரவும்போது இன்னொன்று. அடைப்பைத் திறந்து வைக்கப் பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பதாக இருந்தாலும் இந்தப் படம் முதலில் வேண்டுமாம், வைத்துவிட்டால் அந்த இடம் கலங்கலாகத் தெரியும்.

"ஊசி குத்திச் சதை எடுத்தா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்றார் மாமா. டாக்டர் சிரிக்கவில்லை. அந்த ஆபத்து மிகக் குறைவு என்றார். அறுவை செய்து எடுக்கக்கூடிய கணையக் கட்டி என்றால் பல சமயம் சதை எடுக்காமலே போய்விடுவார்களாம். கீமோ முதலில் என்றால்தான் சதைப் பரிசோதனை கட்டாயம். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு அதிலேயே கட்டி வந்து, சாய மருந்து அந்தக் கட்டியில் சட்டென்று ஏறி முன்னதாகவே வடிந்துவிட்டால், பெரும்பாலும் படமே போதுமாம்.

இருபது நிமிடம். நான் இருக்கும் நாட்டில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கிய டாக்டர் யாரும் இல்லை.

சிடியில் கட்டி எதுவும் தெரியவில்லை, அடைப்பின் காரணமும் தெரியவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில்தான் சிக்கியது, பித்தக் குழாயின் அடிமுனையில் ஒரு சின்னக் கல். வாய் வழியாகவே பித்தக் குழாய் வரை போய்க் கல்லை எடுக்கும் இஆர்சிபியில் அதை எடுத்துவிட்டார்கள்.

மஞ்சள் இறங்கி சில வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன், மாமா படம் எடுத்து அனுப்பியிருந்தார். சிஏ 19-9: 24. மெல்லிய எழுத்து, அம்பு இல்லை. "அந்தத் தம்பிகிட்ட காட்டிட்டு வந்தேன்டா, யாருன்னே தெரியலை அவனுக்கு" என்று கீழே எழுதியிருந்தார்.