ஓசோன் ஊசி போட்டால் ஜவ்வு வளரும் என்றார்கள்

அம்மாவுக்கு முழங்கால் வலி ஐந்து வருஷமாக. எக்ஸ்ரேயில் தேய்மானம் மூன்றாம் நிலை. ஆபரேஷன் என்றாலே முகம் வெளுத்துவிடும். அந்தப் பயத்தைத்தான் அந்த மூட்டுவலி மையம் காசாக்கியது.

"பத்து சிட்டிங் ஓசோன் ஊசிம்மா, தேஞ்ச ஜவ்வு தானா வளந்துரும், கத்தியே வேண்டாம்" என்றார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி. கட்டினேன். அம்மா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்தவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

முதல் மூன்று ஊசியில் வலி குறைந்தது. அதை மறைக்கவில்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றிலும் சில வாரம், சில மாதம் நிவாரணம் கிடைத்ததாகப் பதிவு உண்டு. ஆனால் ஜவ்வு வளர்ந்ததற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதியோ ஓசோனை நச்சு வாயு என்றே சொல்கிறது. இதெல்லாம் நான் பின்னால் படித்தது, வழக்கம்போல.

நாலாவது ஊசிக்கு நானும் உள்ளே போனேன். உள்ளறையிலிருந்து ஒரு தட்டில் நான்கு ஊசிகள் வாயு நிரப்பியே வந்தன. வரிசையில் அம்மா கடைசி. ஓசோன் தங்காத வாயு. 20 டிகிரி வெப்பத்திலேயே சுமார் 40 நிமிடத்தில் பாதி ஆக்சிஜனாகிவிடும். அதனால்தான் கருவியிலிருந்து எடுத்த கையோடு போட வேண்டும் என்பார்கள். அம்மாவின் மூட்டுக்குள் போனதில் ஓசோன் எவ்வளவு, வெறும் ஆக்சிஜன் எவ்வளவோ! அட்டையில் அளவு எழுதும் கட்டம் காலி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, ஜி-6-பி-டி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது) உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓசோன் கூடாது.

ஐந்தாவது ஊசிக்கு மறுநாள் முழங்கால் பூசணி மாதிரி வீங்கியது. போன் செய்தால், "ஓசோன் வேலை செய்யுதுங்க, பயப்படாதீங்க." இரண்டு நாள் அதை நம்பிக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல். கால் தொட்டாலே கொதித்தது.

எலும்பு டாக்டர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். கலங்கல் மஞ்சள். "மூட்டுல ஊசி போட்டப்புறம் வீக்கமும் சூடும் காய்ச்சலும் வந்தா அன்னிக்கே வரணும். சீழ் பிடிச்சிருந்தா மிச்ச ஜவ்வும் சில நாள்ல போயிரும்" என்று கடிந்துகொண்டார். பரிசோதனையில் கிருமி வளரவில்லை. தப்பித்தோம்.

மீதிப் பணம் கேட்டுப் போனேன். ரசீதைப் பாருங்கள் என்றார்கள். அப்போதுதான் பார்த்தேன்: 'ஆரோக்கியப் பேக்கேஜ், திருப்பித் தரப்படாது.' ஓசோன் என்ற சொல்லே அதில் இல்லை. பணம் கட்டும் முன் ரசீதில் சிகிச்சையின் பெயர், அளவு, போடும் டாக்டரின் பதிவு எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அம்மா தினமும் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுகிறார். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் சுமார் 4 கிலோ சுமை குறையுமாம். மூன்று கிலோ குறைத்துவிட்டார். நேற்று மையத்திலிருந்து குறுஞ்செய்தி: "உங்கள் மீதி ஐந்து சிட்டிங் இம்மாதத்துடன் காலாவதியாகிறது."