ஸ்டிக்கர் இல்லாத தடுப்பூசி அட்டைக்கு 12,000 ரூபாய்

சென்னையில் செல்லப்பிராணிகளையும் அவற்றுக்கான தீனியையும் விற்கும் ஒரு பளபளப்பான கடையில், இரண்டு மாதப் பெர்சியன் பூனைக்குட்டி ஒன்றை 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கிய வாரத்திலேயே அதற்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. இப்போது தினமும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று சலைன் ஏற்றி வருகிறோம்.

விலையைக் கேட்டு நான் தயங்கியபோது, கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்து விரித்து, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, முதல் தடுப்பூசி போட்ட தேதி, கையெழுத்து, வட்ட முத்திரை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். “இதுக்குத்தான் மேடம் இந்த விலை” என்றார். அந்த அட்டையை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

குட்டிக்கு வயிறு இளகியதும் கடையை அழைத்தேன். “இடம் மாறினா அப்படித்தான் மேடம், தயிர் சாதம் குடுங்க” என்றார்கள். மறுபடி அழைத்தபோது, நேரில் வரச்சொல்லி, பெயரே இல்லாத வெள்ளைப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடச் சொன்னார்கள். வாந்தியும் மலத்தில் இரத்தமும் கண்ட பிறகு, நான் ஒரு சொட்டுப் பால்கூட வைக்காதிருந்தும், பால் கொடுத்ததால் வந்தது என்று பழியை என் மேல் போட்டார்கள். அதன் பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

பரிசோதனையில், பூனைகளின் குடலைத் தாக்கும், தடுப்பூசியால் தடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் என்று தெரிந்தது. மருத்துவர் அட்டையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “ஸ்டிக்கர் எங்கே?” என்றுதான். தடுப்பூசிக் குப்பியிலிருந்து உரித்த, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சிறு வில்லை தேதிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டுமாம். என் அட்டையில் இருந்ததோ பால்பாயின்ட் பேனாவால் எழுதிய தேதி மட்டும். முத்திரையில் மருத்துவரின் பதிவு எண்கூட இல்லை. குட்டிகளைப் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

வயிற்றுக் கோளாறை எப்படிக் கையாள்வது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. குட்டி ஓடியாடி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே ஓரிரு முறை இளக்கமாகப் போனால், பழகிய உணவையே கொடுத்து, தண்ணீர் வைத்து, மலத்தைப் புழுவுக்காகப் பரிசோதிக்கக் கொடுங்கள். வாந்தியோ இரத்தமோ கண்டாலும், உணவை மறுத்துச் சுருண்டு கிடந்தாலும், ஈறு வெளுத்தோ உலர்ந்தோ போனாலும், பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியாமல் நின்றாலும், அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். மனிதர் மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். தரையைப் பினாயிலால் துடைக்காதீர்கள், அதுவும் பூனைக்கு நஞ்சு.

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி இத்தகைய கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவ அறிக்கையோடு போய் அந்தச் சான்றிதழைக் கேட்டேன். “புதுப்பிக்கக் குடுத்திருக்கோம்” என்றார் கடைக்காரர். என் 12,000 ரூபாயைக் கேட்டதற்கு, விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த ரசீதையும் அட்டையையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரோடு இரண்டும் போகும்.