விரல்ரேகையில் அறிவுத்திறன்: ஒரு சோதனை மையத்தைப் பற்றிய மதிப்பீடு

பிள்ளையின் பத்து விரல்ரேகைகளையும் ஸ்கேன் செய்து, அவன் எந்தப் பாடப்பிரிவை எடுக்கலாம், எந்தத் தொழிலில் முன்னுக்கு வருவான் என்றெல்லாம் சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்யும் டி.எம்.ஐ.டி. என்னும் விரல்ரேகைவழிப் பன்முக நுண்ணறிவுச் சோதனைக்குப் பெற்றோர் சில ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்துகிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் தன் மகனை அத்தகைய மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்ற என் தங்கை, கல்லூரியில் உளவியல் அளவீடு கற்பிப்பவன் என்பதால் என்னையும் உடன் வரச் சொன்னாள். மையத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

உபசரிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு விரலையும் இடம், நடு, வலம் என மூன்று கோணங்களில் ஸ்கேனரில் பதியச் சொன்னார்கள். வியர்த்த விரல் சரியாகப் பதியாதபோதெல்லாம் பொறுமையாகத் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார்கள். பின்னர் வழவழப்பான தாளில் வண்ண அறிக்கை வந்தது. அதில் மூளையின் இட வலப் பகுதிகளுக்கு ஒரு விகிதம், எட்டு வகை நுண்ணறிவுகளுக்குத் தனித்தனிச் சதவீதம், கற்கும் பாணி, போதாக்குறைக்குக் கழுகு, மயில், புறா, ஆந்தை ஆகியவற்றுள் பையன் எந்தப் பறவை என்ற தீர்ப்பு (அவன் மயிலாம்) எல்லாம் இருந்தன. சதவீதங்கள் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை நீண்டிருந்தன.

“எத்தனை தடவை எடுத்தாலும் இதே ரிசல்ட்தான் சார் வரும்” என்றார் ஆலோசகர். அவர் சொன்னது உண்மைதான். விரல்ரேகைகள் கருவின் பத்தாம் வாரத்தை ஒட்டி உருவாகத் தொடங்கிப் பிறப்பதற்கு முன்பே நிலைபெற்றுவிடுகின்றன. ஆகவே அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணினாலும் ஒரே விடை வருவதில் வியப்பில்லை. உளவியல் அளவீட்டில் இதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். அளப்பதாகச் சொல்லும் பண்பைத்தான் சோதனை அளக்கிறதா என்பது ஏற்புடைமை. அது வேறு கேள்வி. செருப்பு அளவை நூறு முறை எடுத்தாலும் மாறாதுதான். அதற்காக அது கணிதத் திறனைக் காட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

ஏற்புடைமையை நிறுவ வேண்டுமென்றால், சிறுவர் பலரின் ரேகைகளைப் பதிந்துகொண்டு, அந்த முடிவுகளை அறியாத வேறொருவரைக் கொண்டு அவர்களுடைய இசைத்திறனையோ மொழித்திறனையோ தனியாகச் சோதித்து, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட தரவுகள் அடங்கிய சோதனைக் கையேடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, மகிழ்ச்சியடைந்த பெற்றோரின் பாராட்டுரைகள் அச்சிட்ட மடிப்பேடு ஒன்றைக் கொடுத்தார்கள். மூளையும் விரல்தோலும் கருவின் ஒரே புறப்படலத்திலிருந்து (வெளிப்புறச் செல் அடுக்கிலிருந்து) தோன்றுகின்றன, ஆகவே ஒன்று மற்றொன்றைக் காட்டும் என்பதே அவர்கள் முன்வைத்த ஒரே அறிவியல் வாதம். முடியும் நகமும் பல்லின் எனாமலும்கூட அதே படலத்திலிருந்துதான் தோன்றுகின்றன. அவற்றை ஏனோ யாரும் ஸ்கேன் செய்வதில்லை.

இந்தக் கேள்வி புதியதுமல்ல. விரல்ரேகைகளை முறைப்படி வகைப்படுத்திய ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், அவை இனத்தையும் குணத்தையும் காட்டும் என்று பெரிதும் எதிர்பார்த்து, மாணவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், மனவளர்ச்சி குன்றியோர் எனப் பல தரப்பினரின் ரேகைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தம் எதிர்பார்ப்பு பொய்த்துப்போனதாக 1892-இலேயே எழுதினார். அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் எடுத்தாளப்படும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை (அறிவுத்திறன் ஒன்றல்ல, இசை, மொழி, கணிதம் எனப் பலவகை என்பதை) 1983-இல் முன்வைத்த அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரோ இந்தச் சோதனையை வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்.

“அண்ணா, இவனை அப்படியே எழுதியிருக்காங்களே!” என்று தங்கை வியந்த பக்கத்தை நான் இருமுறை படித்தேன். பாராட்டினால் ஊக்கம் பெறுவான், சில வேளைகளில் கவனம் சிதறும், மனத்துக்குப் பிடித்ததை ஆர்வத்துடன் செய்வான் என்றிருந்தது; எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இது பொருந்தாது? 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும், பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குணச்சித்திரத்தை, அவரவர்க்கெனத் தனியாக எழுதியதைப் போலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் வழங்கிய சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. ஆகவே வாடிக்கையாளரின் வியப்பைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

எனக்கு இதைவிடவும் உறுத்தியது நெறிமுறைதான். “மியூசிக் கம்மியா இருக்கு மேடம், கீபோர்டு கிளாஸை நிறுத்திடலாம்” என்று பையனை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார்கள். “மாமா, அப்போ எனக்கு மியூசிக் வராதா?” என்று அவன் படியிறங்கும்போது கேட்டான். என் மாணவி ஒருத்தி சிறுவர்களிடம் ஒரு வினாப்பட்டியலை நிரப்பி வாங்க வேண்டுமென்றாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதைக் கடந்த பிள்ளையின் இசைவையும் பெறச் சொல்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள். அவை ஆய்வுகளுக்கு உரியவை என்பதால் கட்டணம் வாங்கும் இந்த மையத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கே பையனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மாறாத பத்து ரேகைகளும் எங்கே சேமிக்கப்படுகின்றன, எப்போது அழிக்கப்படும் என்று நான் கேட்டதற்கு, “சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட இருக்கும்” என்பதற்கு மேல் பதில் இல்லை.

கட்டணத்துக்கு ஈடாக ஒரு நல்ல அச்சுப்பிரதி கிடைக்கும். பிள்ளையின் படிப்பில் உண்மையான ஐயம் உள்ளவர்கள், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் தரப்படுத்தப்பட்ட சோதனைகளைச் செய்துகொள்ளலாம். செலவு ஒரு தடையென்றால், அரசு மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும், பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் விசாரிக்கலாம்.