செல்ஃப் கட் ரிலே: எட்டாவது வருடத்தில் என் அனுபவம்

அல்சூரில் எங்கள் தெருவில் யாருக்கும் கார் ஷெட் கிடையாது. வண்டிகள் எல்லாம் வாசலில், சாக்கடைக் கல்லை ஒட்டி நிற்கும். 2017-ல் ஒரு நாள் விடிந்து பார்த்தால், நாலு வீடு தள்ளி நின்ற காரைக் காணோம். அது நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. அந்த வாரமே என் 2005 மாருதிக்கு அலாரம் மாட்டினேன். சாவியில் சிப் இல்லாத வண்டி. பூட்டைத் திருகத் தெரிந்தவன் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். சைரனை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரில் மே மாத இடிமழைக்குத் தெருவில் பாதி வண்டி அலறும், ஒருவரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. அதனால் அலாரம் லாக்கில் இருக்கும்போது செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார், எடுக்கவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடை. இரண்டு மணி நேரத்தில் முடித்து, "செல்ஃப் கட் போட்டாச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். பதினான்கு மாதம் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பின் சீட்டில் ரிமோட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். லாக் பட்டனை அமுக்கிவிட்டான் போல. நான் கவனிக்காமல் சாவியைத் திருப்பினேன். சைரன் அலறியது, அதோடு இன்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி லாக் செய்து திருப்பினேன். மறுபடியும் ஸ்டார்ட் ஆனது. இத்தனை நாள் தெருவில் நின்றது வெறும் சத்தம் போடும் கார்தான்.

மர்ஃபி டவுனில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அவர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, செல்ஃபைத் தடுக்கவேண்டிய ரிலேயை, அதாவது கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்சை, தேடிப் பிடித்தார். "தம்பி, லாக் பண்ணிட்டு, இதுமேல விரலை வெச்சுக்கிட்டு சாவியை மெதுவா திருப்புங்க" என்றார். முதல் நிலைக்கு வந்ததும் விரலுக்கடியில் ஒரு 'டக்'. ஸ்டார்ட்டுக்குத் திருப்பியதும் இன்னொரு 'டக்', உடனே இன்ஜின் ஓடியது. அந்த இரண்டாவது டக்கில்தான் கோளாறு முழுவதும் இருந்தது.

காரணம் இதுதான். ரிலேக்குள் காயில் என்று ஒரு கம்பிச்சுருள் இருக்கும், அதில் கரண்ட் ஓடும்வரைதான் இந்த ரிலே செல்ஃபைத் தடுக்கும். அந்தக் காயிலுக்குக் கரண்ட் எடுத்தது ஸ்டீரியோவுக்குப் போகும் வயரிலிருந்து. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் பலம் முழுக்க மோட்டாருக்குப் போகவேண்டும் என்பதற்காக ஸ்டீரியோ லைனைச் சாவியே அந்த நேரத்தில் துண்டித்துவிடும். பாட்டு ஒரு கணம் நின்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ரிலேயும் அதே கணத்தில் கரண்ட் இழந்து, விட்டுக்கொடுத்துவிட்டது. எந்த நேரத்தில் தடுக்கவேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில்.

அவர் டெஸ்ட் லேம்ப்பை எடுத்து, சாவிக்குப் பின்னால் வரும் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஸ்டீரியோ வயரில் செல்ஃப் அடிக்கும்போது விளக்கு அணைந்தது. இன்ஜின் ஓடக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் வயரில் மங்கியது, ஆனால் அணையவில்லை. "இதுதான் வேணும்." அலாரம் மாட்டியிருப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பதினான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பழையதை எல்லாம் பிரித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். ரிலேயும் சாக்கெட்டும் நானே எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். 12 வோல்ட், 40 ஆம்பியர், ஐந்து பின் உள்ளது. ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எண் உண்டு: 30, 85, 86, 87, 87ஏ. சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, சாவிப் பக்கத்து முனை 30-லும் செல்ஃப் பக்கத்து முனை 87ஏ-யிலும் சேர்ந்தன. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகப் போகும் தடித்த கேபிளைத் தொடவே கூடாது. அதில் ஓடும் கரண்டை இந்த ரிலே தாங்காது. காயிலின் 86-க்கு அந்த இக்னிஷன் வயர். 85-க்கு அலாரம் பெட்டியில் லாக் ஆனதும் எர்த் கொடுக்கும் மெல்லிய வயர். காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு சின்ன டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். ரிலே விடும்போது காயிலில் எழும் அதிக வோல்ட்டேஜ் அலாரம் பெட்டியைக் கெடுக்காமல் இருக்க அது வேண்டும்.

87ஏ-யா 87-ஆ என்று நிறைய யோசித்தேன். 87ஏ-யில் போட்டால் ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது செல்ஃபுக்குப் போகும் வயர் சேர்ந்தே இருக்கும். அலாரம் கெட்டுப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் அலாரத்தின் வயரைத் தேடிப் பிடுங்கும் திருடனுக்கும் ஸ்டார்ட் ஆகும். 87-ல் போட்டால் இதெல்லாம் தலைகீழ். மழை ராத்திரியில் குழந்தையோடு மனைவி எங்காவது நின்றுபோவதை நினைத்து 87ஏ-யையே எடுத்தேன். அதற்கு ஈடாக அலாரம் பெட்டியும் ரிலேயும் எளிதில் கண்ணில் படாத இடத்துக்குப் போயின. ரிலேயின் வயர்கள் எல்லாம் கறுப்பு. நான்கு கலரில் தொங்கினால் நாமே வழிகாட்டியது மாதிரி ஆகிவிடும்.

பெட்ரோல் பம்ப்பையும் சேர்த்து கட் பண்ணலாமா என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில், ஓடும் வேகத்தில் ரிலே ஒன்று கெட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். செல்ஃப் கட் எப்போது கெட்டாலும் ஓடுகிற இன்ஜினை நிறுத்தாது. அதை நான் இன்றும் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்புறம் பேட்டரி. காயில் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். நேரடி பேட்டரி லைனில் கொடுத்திருந்தால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-ஹவர், என் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பத்து நாளில் காலி. இக்னிஷன் வயரில் கொடுத்ததால் நிற்கும் வண்டியில் ரிலே எதுவும் இழுப்பதில்லை. அலாரம் பெட்டி மட்டும் கொஞ்சம் இழுக்கும். 2020 ஊரடங்கில் வண்டி இரண்டு மாதம் அசையாமல் நின்றதில் அந்தக் கொஞ்சமே பேட்டரியை டவுன் ஆக்கிவிட்டது. இப்போது ஊருக்குப் போனால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.

இத்தனை வருடத்தில் இரண்டு முறை மாட்டிக்கொண்டோம். வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ரிமோட்டின் 12 வோல்ட் செல் தீர்ந்துவிட்டது. மண்டப வாசலில் சைரன் அலற, ரிமோட் இல்லாமல் அலாரத்தை விடுவிக்க மறைத்து வைத்த ஓவர்ரைடு பட்டனைக் குனிந்து தேடினேன். இன்னொரு முறை மனைவி கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நின்றுவிட்டாள். பட்டன் எங்கே என்று அவளிடம் நான் சொல்லியே இருக்கவில்லை. அது முழுக்க என் தப்பு. வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரும் இருட்டில் தடவியே அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

சால்டர் வைத்து, மேலே ட்யூப் போட்டுச் சூட்டில் சுருக்கிய வயர் இணைப்புகள் இதுவரை ஒன்றுகூட விடவில்லை. முதல் கடையில் முறுக்கி டேப் சுற்றியதைப் பிரித்தபோது உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

இது எதைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். கியர் வண்டியை இரண்டு பேர் தள்ளி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால், செல்ஃப் இல்லாமலே ஸ்டார்ட் ஆகும். கட்டி இழுத்துப் போவதையும் தடுக்காது. அதனால் கியர் லாக்கும் போடுகிறேன். சாவியிலேயே சிப் உள்ள புது வண்டிக்கு இந்த வேலை தேவையில்லை. வயரை வெட்டினால் வாரண்டியில் தகராறு வரும். இன்ஷூரன்ஸில், வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பொதுவாக 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. நாமாகப் போட்ட ரிலேக்கு அது கிடைக்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு நானும் மகனும் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து லாக் செய்து சோதிக்கிறோம். சைரன் சத்தத்தில் காதுக்கு எதுவும் கேட்காது, அதனால் ரிலேமேல் அவன் விரல். சாவியைத் திருப்புவேன். "ஒரு டக்" என்பான். ஸ்டார்ட்டில் பிடிப்பேன். "இல்லைப்பா" என்பான். ரிமோட்டை அமுக்கிச் சைரனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போவோம்.