சத்துவாச்சாரி வாஷிங் மெஷினும் நாலு இலக்க ஓடிபியும்

விமானம், காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ, எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதெல்லாம் எழுத வேண்டியதில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா இருக்கும் வீட்டில் பதினோரு வருஷமாக ஓடும் 6 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின்தான் விஷயம். துவைக்கும்போது சத்தமே இல்லை. பிழிய ஆரம்பித்து வேகம் ஏற ஏற, மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

முன்பெல்லாம் வாங்கின கடைக்குப் போன் போட்டு "ஆள அனுப்புங்க" என்றால் போதும். இப்போது ஆப், புகார் எண், நேர ஒதுக்கீடு. மூன்றாம் நாள் கம்பெனிச் சட்டை போட்ட பையன் வந்தான். பின்பலகையின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. காலியாக ஸ்பின் ஓட விட்டான், செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்தான், தீர்ப்பு சொன்னான்: "டப் அசெம்பிளி போச்சு. லேபரோட 11,400 ஆகும். பதினோரு வருஷம் ஆச்சே, புதுசு எடுத்துக்கோங்க, எக்ஸ்சேஞ்ச் இருக்கு." வந்து போன கூலி 500, ஜிஎஸ்டி 90, ஆக 590. கிளம்புகிற நேரத்தில் அம்மாவிடம், "மெசேஜ்ல நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா."

அம்மா சொல்லிவிட்டார். அடுத்த நொடி வந்த செய்தி: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. அந்த ஓடிபி, முன்பு மெக்கானிக் நீட்டும் ஜாப் கார்டில், அதாவது வேலை விவரச் சீட்டில், போட்ட கையெழுத்து மாதிரி. ஆனால் ஜாப் கார்டில் "வேலை முடியவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். நாலு நம்பரில் எதையும் எழுத முடியாது. அதனால் நம்பரைச் சொல்லும் முன்பு மூன்று விஷயம் கைக்கு வர வேண்டும்: எந்தப் பாகம் போனது என்று பெயரோடு எழுதிய எஸ்டிமேட், பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக, கொடுத்த காசுக்கு ரசீது. டப் என்பது தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி, அதற்குள் துணியோடு சுற்றுவது டிரம். "டப் அசெம்பிளி" என்று எழுதினால், பேரிங்கா (டிரம்மின் அச்சைத் தாங்கும் குண்டு வளையம்), சீலா (பேரிங்குக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர்), ஸ்பைடரா (டிரம்மை அச்சோடு இணைக்கும் வார்ப்பு) என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையா, நம்பரும் வராது.

இதே பழுதுக்கு லண்டன் பக்கம் மெக்கானிக் வாசலை மிதிக்கவே எண்பது, நூறு பவுண்டு ஆகிவிடும். 2021 ஜூலையில் அங்கே வந்த விதிப்படி கம்பெனிகள் முக்கியமான உதிரிபாகங்களைப் பத்து வருஷம் வரை கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இப்போது வரும் பல மெஷின்களில் பிளாஸ்டிக் டப்பை இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியே விடுகிறார்கள், பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை. கூலியும் சேர்ந்தால் அங்கே யாரும் யோசிப்பதில்லை, குப்பைக்குத்தான். நம் ஊரிலோ பல பழைய மாடல்களில் டப் ஸ்க்ரூவால் இணைந்தது, கூலியும் கட்டுப்படியாகும். அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பையன் திறக்காமலே போனதுதான் எரிச்சல்.

அப்புறம் வந்தார் கொசப்பேட்டை மெக்கானிக், டிவிஎஸ் எக்ஸெல்லில், அரிசி மூட்டைச் சாக்கில் சாமான்களோடு. "இன்னாம்மா, தொறக்காமலே போச்சுன்னு சொல்லிட்டாங்களா?" என்றபடி முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினார். டப்பும் டிரம்மும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் அது சாதாரணம். ரப்பர் கேஸ்கட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்து "டொக் டொக்" என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. அடுத்து கையால் சுற்றினார்: ஒரே சீராகக் கரகரத்தால் பேரிங், சுற்றுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் இடித்து டிரம் கோணினால் ஸ்பைடரின் கை உடைந்திருக்கும். பின்பலகையைக் கழற்றியதும் பெரிய கப்பிக்குக் கீழே டப்பின் மேல் துருச்சாயக் கோடு வழிந்திருந்தது. ஆயில் சீல் முதலில் போயிருக்கிறது. சோப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவியதால்தான் பேரிங் துருப்பிடித்தது. இதற்கெல்லாம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

போர்டிகோவில் டப்பைப் பிரித்து, பேரிங் எண்களைப் படித்தார்: 6205, 6204. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும், 25, 20. 6205-க்கு வெளிவிட்டம் 52, அகலம் 15. 6204-க்கு 47, 14. இந்த எண் போட்ட பேரிங்கை எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது, அதனால் ஊரில் உள்ள எந்த நல்ல பேரிங் கடையிலும் கிடைக்கும். கம்பெனி டப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சீலின் மேலும் அளவு அச்சாகியிருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது.

வாங்கி வந்த பேரிங்குகளை நெகிழி உறையோடு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. குளிரில் ஒரு மயிரிழை சுருங்கும், டப்பின் குழியில் சிரமமில்லாமல் இறங்கும். அடுத்த நாள் வந்து, பழையதை உளியால் தட்டி எடுத்து, புதியதைத் தட்டும்போது பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்து அடித்தார். உள் வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, சில மாதத்தில் அதே இரைச்சல் திரும்பி வரும். பேரிங் மாற்றியும் நிற்கவில்லை என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு செய்யலாமா வேண்டாமா என்பது முடிவானது ஸ்பைடரில். டிரம்மின் முதுகில் மூன்று கைகளோடு இருக்கும் அலுமினியக் கலவை வார்ப்பு அது. டிரம் எவர்சில்வர், ஸ்பைடர் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் காரமான சோப்புத் தண்ணீர் நிரந்தரமாக நின்றால் அலுமினியம்தான் அரித்துக்கொண்டே போகும், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி தட்டும். அதைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஓங்கிக் குத்தினார். ஒரு கையில் மேலாகப் பள்ளம், ஆனால் உள்ளே கெட்டி. குத்தினதில் உதிர்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், இந்த வயசு மெஷினை எடைக்குப் போட வேண்டியதுதான். பிறகு டிரம்மின் அச்சில் சீல் உட்காரும் வளையமான ஷாஃப்ட் புஷ்ஷின் மேல் நகத்தை ஓட்டினார். நகம் சிக்கினால் அங்கே காடி விழுந்திருக்கிறது, புது சீலும் ஒழுகும். சிக்கவில்லை.

பேரிங் இரண்டும் 760, சீல் 280, சிலிக்கானும் கிரீஸும் 160, கூலி 2,000. மொத்தம் 3,200. புதிய 7 கிலோ மெஷின் முப்பதாயிரம் பக்கம். ஸ்பைடர் கெட்டி, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு உயிரோடு என்றால் பத்து வருஷம் தாண்டினதையும் பழுது பார்க்கலாம். ஸ்பைடரும் போர்டும் ஒன்றாகப் போயிருந்தால் ஐந்து வருஷ மெஷினுக்கும் காசைப் போடக் கூடாது. போர்டு மட்டும் செத்திருந்தால் புதுசு வாங்கும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். நம் ஊரில் பல்லி விழுந்து ஷார்ட் ஆனதாகவும் இருக்கலாம், சில சமயம் போர்டில் உள்ள ரிலே, வேரிஸ்டர் மாதிரி சின்னப் பாகத்தை மாற்றினாலே போதும்.

பின்பலகையை மூடும் முன் காலியாக ஒரு அலசல் ஓட்டச் சொல்ல வேண்டும். பிரஷர் குழாயைத் திருப்பி மாட்ட மறந்தால் மெஷினுக்குத் தண்ணீர் நிரம்பினதே தெரியாது, போர்டிகோவெல்லாம் பாலாறாகிவிடும். நிஜப் பாலாற்றில்தான் வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீரைக் காணோம்.

தண்ணீர்தான் அடிப்படைக் கோளாறு. காவிரித் தண்ணீர் வராத நாளில் சம்ப்பில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் நுரை வராது, வராததால் பவுடர் கூடும், கூடின பவுடர் கரையாமல் ஸ்பைடரின் பள்ளங்களில் போய்த் தங்கும். குளிர்ந்த தண்ணீரிலேயே வருஷக்கணக்காகத் துவைத்தால் இன்னும் மோசம். மாதம் ஒரு தடவை துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதோடு சிட்ரிக் ஆசிட் 100 கிராம், பிளீச்சிங் பவுடரை மட்டும் அதோடு சேர்க்கவே கூடாது. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

"பவுடர் ரெண்டு ஸ்பூன் போதும்மா" என்று சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னார். அம்மா தலையாட்டினார். "நுரையே இல்லாம அழுக்கு எப்பிடி தம்பி போவும்?" என்றும் கேட்டார். பவுடர் டப்பாவுக்குள் இன்னும் அந்தப் பழைய காபி டம்ளர்தான் கிடக்கிறது.