மூன்றரையா, ஐந்தா, ஏழேகாலா? நீராவி எஞ்சின் கட்டும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு

நிலக்கரியை எரித்து, தன் நீராவியாலேயே ஆட்களை இழுத்துச் செல்லும் குட்டி ரயில் எஞ்சினை வீட்டுப் பட்டறையில் கட்டுவது இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த பொழுதுபோக்கு. இப்படிப்பட்ட வேலைகளுக்கென்றே ‘மாடல் எஞ்சினியர்’ என்ற இதழ் 1898இல் தொடங்கியது. பல ஊர்களில் கிளப் இருக்கிறது, கிளப்புக்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை எடுத்துப்போய், பற்றவைத்து, ஓட்டிவிட்டு வரலாம். இங்கே வசிக்கும் நம்மவர்களில் இதில் ஆர்வம் வந்து கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த அளவில் கட்டுவது என்பதைத்தான்.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை வைத்து 3½ அங்குலம், 5 அங்குலம், 7¼ அங்குலம் என்று மூன்று அளவுகள் இங்கே பரவலாக இருக்கின்றன. நான் 5 அங்குலத்தில் ஒரு டேங்க் எஞ்சின் (கரியும் தண்ணீரும் எஞ்சின்மேலேயே இருக்கும் வகை) கட்டி ஓட்டிவருகிறேன், என் மனம் அந்தப் பக்கம்தான். 3½ அங்குல எஞ்சின்களை நண்பர்களிடம் வாங்கி நிறையவே ஓட்டியிருக்கிறேன். 7¼ அங்குலத்தைக் கிளப்பில் ஓட்டியிருக்கிறேன், ஏற்றி இறக்கக் கை கொடுத்திருக்கிறேன், ஆனால் சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியது பார்க்கக் கம்பீரம், சின்னது செலவு குறைவு. இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன எஞ்சின் ஆளை இழுக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர் 1920களிலேயே 2½ அங்குல எஞ்சினில் நிலக்கரி போட்டு ஆளை இழுத்துக் காட்டி அந்த வாக்குவாதத்தை முடித்துவைத்துவிட்டார். மூன்று அளவுமே இழுக்கும், மூன்றுமே மகிழ்ச்சி தரும். பிரச்சினை, எஞ்சின் வீட்டிலிருந்து பாதைக்குப் போய்ச் சேருவதில் இருக்கிறது. பலர் வரைபடம் வாங்கி, வார்ப்புகள் வாங்கி, சேசிஸ் கட்டி முடித்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

3½ அங்குலம் என்பது உண்மையான ரயிலில் 16இல் ஒரு பங்கு. 5 அங்குலம் சுமார் 11.3இல் ஒரு பங்கு. 7¼ அங்குலம் 8இல் ஒரு பங்கு. ஒரு படி ஏறும்போது நீளம் 1.4 மடங்குதான் கூடுகிறது. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகவே தெரியாது. ஆனால் எடை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்ந்து ஏறுவதால் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. 3½இலிருந்து 7¼க்குப் போனால் நீளம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்கை ஒவ்வொரு ஞாயிறும் யாரோ ஒருவர் காரில் ஏற்றி இறக்கியாக வேண்டும்.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு சுமை தூக்குவதற்கு ஒரு வழிகாட்டி எண் தருகிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டி, நல்ல பிடியுடன் தூக்கினால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் இருவர் எண்ணையும் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கு. அதாவது இரண்டு ஆண்களுக்கு 33 கிலோ. இது தொழிற்சாலைகளுக்கான எண் என்றாலும், முதுகெலும்பு பட்டறையில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் இருப்பதில்லை. 3½ அங்குலத்தில் டிச் என்ற வரைபடத்தில் கட்டும் நான்கு சக்கர எஞ்சினை ஒருவரே எடுத்துக் காரில் வைக்கலாம், ராப் ராய் போன்ற ஆறு சக்கர எஞ்சின் ஒருவர் தூக்கும் எல்லையை ஒட்டி நிற்கும். 5 அங்குலத்தில் என்னுடையதைப் போன்ற சிம்ப்ளெக்ஸ் வகை டேங்க் எஞ்சின் தண்ணீர் இல்லாமலே ஏறத்தாழ 50 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று கை வைப்பார்கள், தூக்கியும் விடுவார்கள். குனிந்து காரின் டிக்கி விளிம்பைத் தாண்டி உள்ளே வைக்கும் அந்த நொடியில்தான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 7¼ அங்குலத்தில் சின்ன எஞ்சினே நூறு கிலோவைத் தாண்டிவிடும், பெரிய டெண்டர் எஞ்சின்கள் (கரியும் தண்ணீரும் பின்னால் தனி வண்டியில் வரும் வகை) பல நூறு கிலோ.

இந்த 50 கிலோவில்தான் என் வாதம் நிற்கிறது. இரு கைகளுக்கு இது அதிகம், ஆனால் ஒரு சாதாரண ஹைட்ராலிக் தூக்கு மேசைக்கு விளையாட்டு. மேசைமேல் ஒரு பலகை, பலகைமேல் ஒரு துண்டுத் தண்டவாளம், அதன்மேல் எஞ்சின். மிதியை அழுத்தி அழுத்தி மேசையைக் காரின் டிக்கி மட்டத்துக்கு உயர்த்தி, டிக்கிக்குள் வைத்திருக்கும் இன்னொரு தண்டவாளப் பலகைக்கு உருட்டிவிட்டால் முடிந்தது. தனி ஆளாகச் செய்யலாம். பல கிளப்புகளில் எஞ்சினைப் பற்றவைக்கும் இடத்திலேயே இப்படி ஒரு தூக்கு மேசை வைத்திருக்கிறார்கள், அங்கே போய் இறக்குவதும் இதே எளிமையில் நடந்துவிடும்.

காருக்குள் வைப்பதிலும் சில விஷயங்கள் உண்டு. கட்டும் பட்டையை கேபின் கூரை மேலோ குழாய்கள் மேலோ போட்டு இறுக்கக் கூடாது, எஞ்சினின் அடிச்சட்டத்தையும் அதன் முனையிலிருக்கும் பஃபர் பலகையையும் பிடித்துக் கட்ட வேண்டும். அடிச்சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து எடையை ஸ்பிரிங்கிலிருந்து விடுவித்தால், சாலைக் குலுக்கலில் எஞ்சின் துள்ளித் துள்ளி அச்சுப் பெட்டிகளைத் தேய்க்காது. முன்பக்கம் பின்சீட்டின் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், திடீரென பிரேக் போட்டால் 50 கிலோ இரும்பு எங்கே போகும் என்று யோசித்தால் காரணம் புரியும். சிலிண்டர் எண்ணெய் சொட்டும், அதற்கு அடியில் ஒரு தட்டு. திரும்பும்போது நெருப்பை இறக்கி, கொஞ்சம் அழுத்தம் மீதியிருக்கும்போதே பாய்லர் தண்ணீரை வெளியேற்றி, ஆறவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். குளிர்காலமானால் பம்ப், இன்ஜெக்டர் (நீராவியின் விசையால் பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் கருவி), நீர்மட்டக் கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரு சொட்டு மீதியில்லாமல் வடிக்க வேண்டும். உள்ளே உறையும் தண்ணீர் பித்தளைப் பம்பை வெடிக்கவைத்துவிடும்.

7¼ அங்குலத்துக்கு இதே வேலைகள் அத்தனையும் உண்டு, கூடவே ட்ரெய்லர், சாய்தளம், கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்ச். சாலைச் சட்டம் இப்போது இளகியிருக்கிறது. 1997க்குப் பிறகு கார் உரிமம் எடுத்தவர்கள் கனமான ட்ரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது நீங்கிவிட்டது, 3,500 கிலோ வரை இழுக்கலாம். அதனால் உரிமம் இனி தடையில்லை. பிரேக் இல்லாத ட்ரெய்லர் சுமையோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது, ட்ரெய்லரோடு போகும்போது மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான். இவையும் சமாளிக்கக் கூடியவையே. சமாளிக்க முடியாதது, அந்த ட்ரெய்லரை நிறுத்த இடம். வரிசை வீட்டில், தெருவோரம் கார் நிறுத்துபவருக்கு 7¼ அங்குலம் சொந்தமாக வைத்துக்கொள்ள வழியே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ட்ரெய்லர் ஏற்பாடு செய்வதற்கே ஒரு வார இறுதி போய்விடும் என்றால் அந்த எஞ்சின் ஆண்டுக்கு எத்தனை முறை வெளியே வரும்?

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சில கிளப்புகள் பாதைக்கு அருகிலேயே எஞ்சினைப் பூட்டி வைக்கக் கொட்டகை தருகின்றன. அப்படி ஓர் இடம் உங்களுக்குக் கிடைத்தால் நான் இதுவரை எழுதியதில் பாதி செல்லாது, தயங்காமல் 7¼ பக்கம் போங்கள். அந்த அளவில் நெருப்பு பெரிது, நிதானமாக எரியும், தரை மட்டப் பாதையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் ஓடலாம். சர்ரேயில் கிரேட் காக்க்ரோ ரயில்வே, டார்செட்டில் மூர்ஸ் வேலி ரயில்வே இரண்டும் 7¼ அங்குலம்தான். கைகாட்டிகளோடு, நிலையங்களோடு, நிஜ ரயில்வே போலவே நடப்பதை ஒருமுறை போய்ப் பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது.

அப்படியென்றால் தூக்க எளிதான 3½ அங்குலம் ஏன் கூடாது? கூடாது என்று சொல்லவில்லை. தனியாக வாழ்பவருக்கு, வயதானவருக்கு, சின்னக் கார் வைத்திருப்பவருக்கு அதுவே சரி. ஆனால் எஞ்சினைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. நிலக்கரியும் காற்றும் தண்ணீரும் முழு அளவில்தான் இருக்கின்றன. தீயறை சிறியதானால் நெருப்பு மெலியும், கொஞ்சம் அசந்தால் அழுத்தம் விழுந்துவிடும். நீர்மட்டமும் வேகமாக மாறும். ஓட்டுகிறவர் கண் எப்போதும் கண்ணாடிக் குழாயிலேயே இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இது களைப்பூட்டும். 5 அங்குலத்தில் ஒரு கரண்டி கரியைப் போட்டுவிட்டு, வளைவில் யார் வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். சவுத் வேல்ஸின் ஃபோஸ்-ஐ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டதும் நமக்குப் பழகிய வெல்ஷ் நீராவிக் கரி அருகிவிட்டது. கிடைக்கிற கரியோடு மல்லுக்கட்டும் இந்நாளில், கொஞ்சம் பெரிய தீயறை பொறுமையோடு நடந்துகொள்கிறது. 3½ அங்குலத்துக்குப் பாதையும் பெரும்பாலும் உயர்த்திக் கட்டியதாகவே இருக்க வேண்டும். தரை மட்டப் பாதைகள் 5க்கும் 7¼க்கும்தான் போடப்படுகின்றன. 5 அங்குலம் உயர்த்திய பாதை, தரை மட்டப் பாதை இரண்டிலும் ஓடும். வேறு ஊர்க் கிளப்புக்கு விருந்தாளியாகப் போகும்போது இது பெரிய வசதி.

பட்டறையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். இங்கே பலர் வீட்டிலும் இருக்கும் மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தில் படுகைக்கு மேல் 7 அங்குல விட்டம் வரையும், படுகையில் வெட்டிவிட்டிருக்கும் இடைவெளியில் 10 அங்குலம் வரையும் கடைசல் பிடிக்கலாம். உண்மையில் 6 அடி விட்டமுள்ள சக்கரம் 5 அங்குல அளவில் 6.4 அங்குலத்தை ஒட்டி வரும், 7¼இல் 9 அங்குலமாகும். இடைவெளியில் அதுவும் சுழலும், ஆனால் அதைவிடப் பெரிய எக்ஸ்பிரஸ் சக்கரங்களுக்கு வேறு லேத் தேட வேண்டும். பாய்லர் 5 அங்குலம் வரை தாமிரத்தில் வீட்டிலேயே வெள்ளிப் பற்றவைப்பில் (வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கித் தகடுகளை ஒட்டும் முறை) செய்யலாம். தாமிரம் வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், 600 டிகிரி செல்சியஸைத் தாண்டி மொத்த பாய்லரையும் சூடேற்ற இரண்டு புரொப்பேன் பர்னர்களும் கூட ஓர் ஆளும் வேண்டும். 7¼இல் பெரும்பாலும் எஃகு பாய்லர், அதைத் தகுதிச் சான்று பெற்ற வெல்டரிடம்தான் கொடுக்க வேண்டும். எந்த அளவானாலும் புதிய பாய்லரை இயங்கு அழுத்தத்தின் இரண்டு மடங்கில் தண்ணீரால் சோதிப்பார்கள். தாமிர பாய்லரை அதன்பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மடங்கில் சோதிப்பார்கள். சோதிக்கிறவர் கிளப்பில் இருக்கிறார், பாய்லர் உங்கள் வீட்டில் இருக்கிறது. இங்கும் தூக்கிப்போகும் கணக்கு வந்துவிடுகிறது.

5 அங்குலம் என்று முடிவான பிறகும் ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது: டேங்க் எஞ்சினா, டெண்டர் எஞ்சினா? முதல் எஞ்சினுக்கு டேங்க்தான் என்பேன். டெண்டர் என்றால் இரண்டு முறை தூக்க வேண்டும், இரண்டு முறை கட்ட வேண்டும், இடையில் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி மாட்ட வேண்டும். பிளாக் ஃபைவ் என்ற பெரிய பிரிட்டிஷ் ரயில் எஞ்சினின் மாதிரி டெண்டரோடு 5 அங்குலத்தில் 1.7 மீட்டர் நீளம். எங்கள் கிளப்பில் அப்படி வைத்திருப்பவர்கள் வேன் வைத்திருக்கிறார்கள். டேங்க் எஞ்சின்களில் மார்ட்டின் எவன்ஸ் வரைந்த சிம்ப்ளெக்ஸ் ஒரு பக்கம், ஜாக் பக்லர் வரைந்த ஸ்வீட் பீ இன்னொரு பக்கம். ஸ்வீட் பீயின் தீயறை வட்டமானது, தட்டையான பக்கத் தகடுகளும் அவற்றைத் தாங்கும் எண்ணற்ற ஸ்டே ஆணிகளும் இல்லாததால் பாய்லர் வேலை கணிசமாகக் குறையும். கட்டும் வேலையை மட்டும் பார்த்தால் அது முந்துகிறது. ஆனால் அது, தண்டவாள அகலம் குறைந்த குறுகிய பாதையில் ஓடும் நிஜ எஞ்சினின் மாதிரி. உடம்பு தண்டவாளத்தைவிட நன்றாக அகன்றிருக்கும், எடையும் அதற்கேற்ப. நான் சிம்ப்ளெக்ஸ் பக்கம் சாய்ந்தது டிக்கியின் அகலத்தைப் பார்த்துத்தான். ஸ்வீட் பீ வைத்திருக்கும் நண்பர் எந்தக் குறையும் சொல்வதில்லை, அவருடைய கார் பெரியது.

வார்ப்புகளுக்குப் பணம் கட்டும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்து அளந்துவிடுங்கள். 13 அடி உயரமுள்ள பிரிட்டிஷ் எஞ்சின் 3½ அங்குலத்தில் 25 செ.மீ., 5இல் 35 செ.மீ., 7¼இல் 50 செ.மீ. உயரம் வரும். 30 அடி நீள டேங்க் எஞ்சின் முறையே 57, 81, 114 செ.மீ. உயரத்தோடு தண்டவாளப் பலகைக்கு இன்னும் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பின்கதவின் மேல்விளிம்பு டிக்கியின் உட்கூரையைவிடத் தாழ்ந்திருக்கும், அளக்க வேண்டியது அந்த விளிம்பு வரைக்கும்தான். புகைபோக்கி முதலில் தட்டுவது அங்கேதான்.