அல்சூர் ஏரியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை எங்கே சேர்த்து வைப்பது?

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பறவை, மீன், செடி பற்றி நிறையத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் சேர்த்து வைக்க எங்கள் சிறு குழு, படம், ஒலி போன்றவற்றை யாரும் ஏற்றலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற இணையக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸைத் தேர்ந்தெடுத்தது. உயிரினங்களைப் பார்த்ததைப் பதியும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டையும், உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதி வைக்கும் உள்ளாட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் பரிசீலித்த பிறகு எடுத்த முடிவு இது. பறவைகளை எண்ணுவது மட்டும்தான் நோக்கம் என்றால் பறவைகளைப் பதியும் தளமான இபேர்ட் போதும்.

ஐநேச்சுரலிஸ்டின் பலம் அடையாளம் காண்பதில் இருக்கிறது. ஒரு தும்பியின் படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் யாராவது வந்து பெயர் சொல்லிவிடுவார்கள். தமிழ்ப் பெயரை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்றால் இடத்தை அதுவே மங்கலாக்கிவிடும். காமன்ஸில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் ஐநேச்சுரலிஸ்டில் ஓர் உயிர், ஒரு நாள், ஓர் இடம் என்ற அளவில்தான் பதிய முடியும். விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு மேலே வந்தால் பக்கத்திலேயே பெரிய விரால் காவல் நிற்கும், அப்போது வலை வீசக் கூடாது என்று மீன்பிடித்துப் பழகிய ஒருவர் சொல்கிறார். அதைக் குறிப்பாகத் தட்டச்சு செய்து வைக்கலாம், சரி. ஆனால் பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அதனால் சொன்னவரின் குரலே வேண்டும் என்று நினைத்தோம்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஐந்து வருஷம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இந்த ஊரில் ஆர்வமாக முன்னின்று செய்பவர் வேலை மாறினால் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஐநேச்சுரலிஸ்டில் ஒருவர் தன் கணக்கை அழித்தால் அவர் போட்ட பதிவுகளும் கூடவே போய்விடும். காமன்ஸில் ஏற்றியவர் விலகினாலும் கோப்பு நிற்கும். பிழையான விளக்கத்தை இன்னொருவர் திருத்தலாம், தேடுவோர் கண்டுபிடிக்கப் பகுப்பு (தலைப்புவாரி வகை) சேர்க்கலாம், இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் அந்தச் சொல்லோடு ஒலியை இணைக்கலாம். ஒற்றைச் சொற்களைப் பதிந்து ஏற்ற ஸ்பெல்4விக்கி செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை என்றால் வெளியான சான்று கேட்பார்கள். வாய்மொழியையே சான்றாக வைக்கும் முயற்சி 2011-ல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் நடந்தது. அது பொது வழக்கமாகவில்லை. காமன்ஸில் ஒரு குரல் பதிவுக்கு அப்படி எந்தச் சான்றும் வேண்டியதில்லை.

வேலை இல்லாமல் இல்லை. போன்கள் பல பதியும் எம்4ஏ கோப்பைக் காமன்ஸ் ஏற்காது, ஆக் (Ogg) போன்று அது ஏற்கும் ஒலி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பகுப்பு போடாத கோப்பு யார் கண்ணிலும் படாது. அப்புறம், பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. இதுதான் எனக்கு உறுத்தல். அதனால் பதிவைச் சொன்னவருக்கே போட்டுக் காட்டி, உலகத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதை விளக்கி, சம்மதம் கேட்ட பிறகே ஏற்றுகிறோம். கூடு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பகுதிகளைப் பதிவிலிருந்து வெட்டிவிடுகிறோம்.

பல்லுயிர்ப் பதிவேட்டுப் பணியில் நான் உள்ளே இருந்ததில்லை, வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய மாதவ் காட்கில். 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், பதிவேட்டைத் தயாரிப்பது அதன் பொறுப்பு. மற்ற இரண்டுக்கும் இல்லாத சட்ட பலம் இதற்கு உண்டு. ஆனால் 2025-ல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. எல்லையும் அதிகாரியும் மாறும்போது ஓர் ஏரிக்கரையின் தமிழ்க் குரல்களை யார் தேடிப் புதுப்பிப்பார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

மருந்துச் செடிகள் பற்றிய பேச்சுக்கு மட்டும் பதிவேடே பொருத்தம் என்று நினைக்கிறேன், வணிகமாக்க வருபவரைச் சட்டத்தின் வழியே கேள்வி கேட்க அங்கேதான் இடமுண்டு. அந்தப் பதிவுகளை நாங்கள் எங்கும் ஏற்றவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதைச் சொன்னவர்களின் முடிவுக்கே விட்டிருக்கிறோம்.